பத்தாயிரம் ரூபாய் டெலிபோன்

மலர்க் குழுவினர் "நீங்க டெலிகாம் துறையில் இருக்கிறீர்களே, ஏதாவது எழுதுங்களேன்" என்று கேட்டபோது, 5ஜி பற்றி நாலு பக்கம் எழுதிக் கொடுத்துவிடலாம் என்றுதான் முதலில் எண்ணினேன். ஆனால் அதைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். இன்று எலக்ட்ரானிக்ஸ் படிக்கும் நம் கல்லூரித் தம்பி தங்கைகளில் பலர் கேள்விப்பட்டே இராத ஒரு கதை சென்னையிலேயே நடந்திருக்கிறது. அதைச் சொல்லலாம் என்று உட்கார்ந்தேன். கதாநாயகர் நம் கல்லூரிக்காரர் இல்லை. சென்னை ஐ.ஐ.டி.யின் மின்பொறியியல் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா. கான்பூர் ஐ.ஐ.டி.யில் பி.டெக். முடித்து, அமெரிக்காவில் மெய்ன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் வாங்கி, அந்த நாட்டிலேயே கொஞ்ச காலம் பாடமும் சொல்லிக்கொடுத்துவிட்டு, 1981ல் சென்னைக்கு வந்து சேர்ந்தவர்.

அவர் வந்த காலத்தில் டெலிபோன் என்றால் என்ன நிலைமை என்பதை முதலில் சொல்லியாக வேண்டும். இன்றைய மாணவர்களுக்கு அது ராஜா ராணி கதை மாதிரி இருக்கும். வீட்டுக்கு லைன் வேண்டுமென்றால் விண்ணப்பம் போட்டுவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். கூடுதல் டெபாசிட் கட்டினால் கொஞ்சம் முந்தலாம் என்று ஒரு திட்டம் உண்டு. எம்.பி. சிபாரிசு உண்டு. லைன் வந்துவிட்டால் தெருவே வந்து பார்த்துவிட்டுப் போகும். நான் கதை சொல்லவில்லை. 1994ஆம் வருஷத்துத் தேசியத் தொலைத்தொடர்புக் கொள்கையில் அரசாங்கமே எழுதிய கணக்கு இருக்கிறது. நூறு பேருக்கு 0.8 டெலிபோன், உலக சராசரி 10. நாடு முழுவதும் சுமார் 80 லட்சம் லைன்கள், காத்திருப்போர் பட்டியலில் 25 லட்சம் பேர். 5,76,490 கிராமங்களில் சுமார் 1.4 லட்சம் கிராமங்களுக்குத்தான் டெலிபோன் எட்டியிருந்தது. 1997க்குள் கேட்டவருக்கெல்லாம் லைன், எல்லாக் கிராமத்துக்கும் டெலிபோன் என்று அதே கொள்கை வாக்குக் கொடுத்தது. 1997 வந்தது, போனது. அவ்வளவுதான்.

ஒன்றுமே நடக்கவில்லை என்று சொன்னால் அநியாயம். 1984ல் சாம் பிட்ரோடாவின் முயற்சியில் சி-டாட் தொடங்கப்பட்டது. ஏ.சி. அறை இல்லாமல், நம் ஊர் வெயிலிலும் தூசியிலும் வேலை செய்யும் சிறிய கிராம எக்ஸ்சேஞ்சை நம் இன்ஜினீயர்களே செய்து காட்டினார்கள். அதையடுத்து மஞ்சள் போர்டு போட்ட எஸ்.டி.டி. பூத்துகள் ஊரெங்கும் முளைத்தன. எனக்கு நினைவு தெரிந்த நாளில் எங்கள் கடைத்தெருவில் டெலிபோன் என்றால் அந்தப் பூத்துதான். இந்த எஸ்.டி.டி. பூத்தை நம் பேராசிரியர் மிகவும் கவனித்துப் பார்த்திருக்கிறார் என்பது அவருடைய கட்டுரைகளைப் படித்தால் தெரியும். ஆளுக்கு ஒரு லைன் வாங்க முடியாத ஊரில், ஒருவர் லைன் வாங்கி ஊருக்கே வாடகைக்கு விடுவது போன்ற ஏற்பாடு அது. அதே மாதிரி அவர் கவனித்த இன்னொன்று கேபிள் டி.வி. 1990களின் தொடக்கத்தில் எந்த அரசாங்கத் திட்டமும் இல்லாமல், தெருப்பையன் ஒருவன் மரத்துக்கு மரம் ஒயர் கட்டி, மாசம் நூறு ரூபாய்க்கு வீட்டுக்கு வீடு கொடுத்துக்கொண்டிருந்தான். ஒயர் அறுந்தால் ராத்திரி பத்து மணிக்கும் ஏணியோடு வந்தான். டெலிபோன் இலாகாவில் கம்ப்ளெயின்ட் கொடுத்தால் என்ன நடக்கும் என்பது எல்லாருக்கும் தெரிந்ததே.

இங்கேதான் அவருடைய கணக்கு தொடங்குகிறது. ரொம்ப சிக்கலான கணக்கு எதுவும் இல்லை. அந்த நாளில் ஒரு டெலிபோன் லைன் போட்டுக் கொடுக்க, எக்ஸ்சேஞ்ச், கேபிள், கருவி எல்லாம் சேர்த்து, ஏறக்குறைய 30,000 ரூபாய்க்கு மேல் ஆயிற்று. போட்ட பணத்துக்கு வட்டி, தேய்மானம், பராமரிப்பு, சம்பளம் என்று பார்த்தால், முதலீட்டில் மூன்றில் ஒரு பங்காவது வருஷா வருஷம் திரும்பி வந்தால்தான் அந்த லைன் நஷ்டமில்லாமல் ஓடும். அதாவது வருஷத்துக்குப் பத்தாயிரம், மாசத்துக்கு 830 ரூபாய். 1990களில் மாசம் 830 ரூபாய் டெலிபோனுக்குக் கொடுக்கக்கூடிய குடும்பம் இந்தியாவில் எத்தனை? விரல் விட்டு எண்ணலாம் என்றில்லாவிட்டாலும், பட்டியலில் நின்ற கூட்டத்தைக்கூடத் தாண்டாது. அந்த லைனையே 10,000 ரூபாய்க்குப் போட முடிந்தால்? வருஷத்துக்குச் சுமார் 3,300, மாசத்துக்கு ஏறக்குறைய 280. கேபிள் டி.வி.க்கு நூறு ரூபாய் கொடுக்கிற குடும்பம் எட்டிப் பிடிக்கக்கூடிய தூரத்துக்கு வந்துவிடுகிறது.

பாருங்க, இதுவரைக்கும் எல்லாரும் காத்திருப்போர் பட்டியலை நிர்வாகக் கோளாறு என்றோ, பணப் பற்றாக்குறை என்றோ, சோஷலிசத்தின் பலன் என்றோ சொல்லிக்கொண்டிருந்தார்கள். இலாகாவைத் தனியாருக்குக் கொடுத்தால் சரியாகிவிடும் என்றார்கள் சிலர். கொடுக்கவே கூடாது என்றார்கள் சிலர். இவர் சொன்னது வேறு: 30,000 ரூபாய் லைனை யார் கையில் கொடுத்தாலும் அது பணக்காரர் வீட்டில்தான் போய் நிற்கும். விலையைக் குறைப்பதுதான் ஆராய்ச்சி. விலை குறைந்தால் கொள்கை தானாகவே வேறு மாதிரி பேசும். அவரும் சகாக்களும் வைத்த இலக்கு 10 கோடி டெலிபோன், 10 கோடி இன்டர்நெட் இணைப்பு. நாட்டில் மொத்தமே ஒரு கோடி டெலிபோன் இருந்த காலத்தில் இதைச் சொன்னால் யார் நம்புவார்கள்?

சரி, விலையை வெளிநாட்டுக்காரன் குறைத்துத் தர மாட்டானா? மாட்டான் என்பதற்கு அவர் சொன்ன காரணம் எனக்கு இன்றும் பிடிக்கும். மேலை நாடுகளில் எல்லா வீட்டிலும் டெலிபோன் வந்து பல வருஷம் ஆகிவிட்டது. ஒரு லைனுக்கு ஆகும் செலவு அங்குள்ள குடும்பத்துக்குச் சுமையே இல்லை. அதனால் அங்கே ஒரு கம்பெனி பழைய கருவியை மாற்றிப் புதியது விற்க வேண்டுமானால், விலையைக் குறைக்காமல் வசதியைக் கூட்டும். நமக்கு வேண்டியது அதற்கு நேர்மாறு. ஆகவே நம் ஆராய்ச்சியை நாம்தான் செய்தாக வேண்டும். இது சுதேசி முழக்கம் இல்லை. சந்தை எப்படி நடக்கிறது என்று பார்த்துச் சொன்ன வார்த்தை.

லைன் செலவில் பெரும்பகுதி எக்ஸ்சேஞ்சில் இல்லை. எக்ஸ்சேஞ்சிலிருந்து வீடு வரை மண்ணுக்குள் போகும் செம்புக் கம்பியில் இருக்கிறது. சிலிக்கான் விலை வருஷா வருஷம் இறங்கும். செம்பு விலையும் பள்ளம் தோண்டும் கூலியும் ஏறும். அப்படியானால் கம்பியைக் குறைத்து, கடைசித் தூரத்தை ரேடியோவில் விட்டுவிட வேண்டியதுதான். அவரோடு பாஸ்கர் ராமமூர்த்தி, திமோத்தி கொன்சால்வஸ் முதலிய பேராசிரியர்கள் சேர்ந்து டெனெட் என்ற குழுவை அமைத்தார்கள். அவர்களிடம் படித்த மாணவர்கள் வெளிநாட்டுக்கு விமானம் ஏறாமல் சென்னையிலேயே மைடாஸ் என்ற கம்பெனியைத் தொடங்கினார்கள். அமெரிக்காவின் அனலாக் டிவைசஸ் நிறுவனம் சிப் விஷயத்தில் கைகோத்தது. இப்படிப் பிறந்ததுதான் கோர்டெக்ட்.

கொஞ்சம் டெக்னிக்கல் சமாசாரம் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஐரோப்பாவில் வீட்டுக்குள்ளும் ஆபீசுக்குள்ளும் பயன்படுத்தும் கார்ட்லெஸ் போனுக்காக டெக்ட் என்று ஒரு தரநிலை இருந்தது. சில நூறு மீட்டர் தூரத்துக்கு உண்டான சரக்கு அது. இவர்கள் அதை எடுத்து, வீட்டு மாடியில் திசை ஆன்டெனா வைத்து, பார்வைக்கோட்டில் 10 கிலோமீட்டர் வரை இழுத்தார்கள். சொல்வது சுலபம். ரேடியோ அலை 10 கிலோமீட்டர் போய்த் திரும்ப சுமார் 67 மைக்ரோ செகண்டு ஆகும். ஒருவர் பேச்சுக்கும் அடுத்தவர் பேச்சுக்கும் நடுவே டெக்ட் விட்டு வைத்திருந்த இடைவெளி அதற்குப் போதாது; தூரத்து வீட்டின் சிக்னல் தாமதமாக வந்து பக்கத்து ஆளின் நேரத்தில் ஏறி உட்கார்ந்துவிடும். வீடு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கருவியே அளந்து, அதற்கேற்ப முன்கூட்டியே அனுப்பும்படி செய்து அதைச் சமாளித்தார்கள்.

இன்னொரு வேலை இதைவிட அழகு. சாதாரண டெலிபோன் எக்ஸ்சேஞ்ச், எல்லாரும் ஒரே நேரத்தில் பேச மாட்டார்கள், பேசினாலும் மூணு நிமிஷத்தில் வைத்துவிடுவார்கள் என்ற நம்பிக்கையில் கட்டப்பட்டது. 1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். இன்டர்நெட் சேவையைத் தொடங்கியது. மோடம் வாங்கியவர்கள் மணிக்கணக்கில் லைனைப் பிடித்துக்கொண்டார்கள். எக்ஸ்சேஞ்ச் திணறியது, வீட்டிலோ டெலிபோன் பில் எகிறியது. இன்டர்நெட் கட்டணத்தைவிட உள்ளூர்க் கால் கட்டணம் அதிகம்! கோர்டெக்டில் பேச்சும் இன்டர்நெட்டும் எக்ஸ்சேஞ்சுக்குப் போகும் முன்பே பிரிந்துவிடும். பேச்சு டெலிபோன் பக்கம், டேட்டா இன்டர்நெட் பக்கம். வீட்டில் ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போதே இன்னொருவர் 35 கிலோபிட் வேகத்தில் நெட் பார்க்கலாம். பேச்சு இல்லாவிட்டால் 70. இன்று கேட்டால் சிரிப்பு வரும். அன்று அது கிராமத்துக்கு வந்ததே இல்லை.

அலைக்கற்றை விஷயத்துக்கு வருவோம். என் பிழைப்பே அதில்தான் என்பதால் இதில் கொஞ்சம் நின்று பேசுகிறேன். செல்லுலார் முறையில் ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு துண்டு அலைக்கற்றை பிரித்துக் கொடுத்தாக வேண்டும். ஒருவர் துண்டில் இன்னொருவர் கால் வைக்க முடியாது. அதனால்தான் ஏலம், லைசென்ஸ் கட்டணம், கோர்ட்டு கேஸ் எல்லாம். டெக்ட் முறையில் ஒவ்வொரு கருவியும் எந்தச் சேனல் காலியாக இருக்கிறது என்று தானே கேட்டுப் பார்த்து எடுத்துக்கொள்ளும். அதே 1880 முதல் 1900 மெகாஹெர்ட்ஸ் பட்டையை ஒரே ஊரில் பல கம்பெனிகள் பங்கு போடாமலே பொதுவாகப் பயன்படுத்தலாம். ஊர்ப் பொதுக்கிணறு மாதிரி. எந்த முறையைத் தேர்ந்தெடுக்கிறோமோ அதுவே பாதிக் கொள்கையைத் தீர்மானித்துவிடுகிறது. நாம் வகுப்பில் படிக்கும்போது மல்டிபிள் அக்சஸ் என்று ஒரு யூனிட்டை மனப்பாடம் செய்தோமே, அதற்குள் இவ்வளவு அரசியல் இருக்கிறது என்று ஒருவரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அரசாங்கமும் பின்னாளில் தன் அலைவரிசை ஒதுக்கீட்டுத் திட்டத்தில், உள்நாட்டில் உருவான இத்தகைய சிற்றெல்லை முறைகளுக்கு இந்தப் பட்டையைப் பரிசீலிக்கலாம் என்று எழுதி வைத்தது.

கோர்டெக்ட் இந்தியாவில் மட்டுமில்லாமல் பிஜி, மடகாஸ்கர், கென்யா, நைஜீரியா, பிரேசில் போன்ற நாடுகளுக்கும் போனது. 2002ல் பேராசிரியருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. எல்லாம் சுபம் என்று முடிக்க ஆசைதான். ஆனால் காற்று திசை மாறிவிட்டது.

1995 ஜூலை 31 அன்று கல்கத்தாவிலிருந்து ஜோதிபாசு டில்லியிலிருந்த அமைச்சர் சுக்ராமுடன் பேசியதுதான் நாட்டின் முதல் செல்போன் அழைப்பு. அப்போது நிமிஷத்துக்கு 16 ரூபாய் வரை கட்டணம். வரும் அழைப்புக்கும் காசு. அது ஏழைக்கு எட்டும் என்று யாரும் கனவு காணவில்லை. 1999ல் புதிய கொள்கை வந்து, மொத்தமாகக் கட்ட வேண்டியிருந்த லைசென்ஸ் கட்டணம் வருமானத்தில் பங்காக மாறியது. 2001 ஜனவரியில் லேண்ட்லைன் கம்பெனிகள், கம்பி இல்லாத இணைப்பில் ஓரளவு நடமாட்ட வசதியும் தரலாம் என்று அரசாங்கம் அனுமதித்தது. வீட்டோடு நிற்கும் கோர்டெக்டுக்கு இதுதான் பெரிய அடி என்பது என் அபிப்பிராயம். அதே செலவில் சி.டி.எம்.ஏ. கருவியை வாங்கினால் வாடிக்கையாளர் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஊரைச் சுற்றலாமே, வீட்டுச் சுவரில் மாட்டும் போனை யார் கேட்பார்கள்? செல்லுலார் கம்பெனிகள் தீர்ப்பாயத்துக்கும் சுப்ரீம் கோர்ட்டுக்கும் போயின. கடைசியில் 2003 நவம்பரில் இரண்டையும் ஒரே லைசென்ஸாக்கி முடித்தார்கள். அதே வருஷம் மே மாசத்திலிருந்து வரும் அழைப்பு இலவசம். ஜூலையில் ரிலையன்ஸ் 501 ரூபாய் முன்பணத்துக்குக் கைபேசி கொடுத்தது.

இதற்கிடையே பேராசிரியர் கிராமத்துப் பக்கம் போய்விட்டார். என்-லாக் என்ற கம்பெனி, கேபிள் டி.வி. பாணியிலேயே ஓர் ஏற்பாட்டைச் செய்தது. ஒரு சிறு நகரத்தில் டவர் வைத்து, சுற்றிலும் 25 கிலோமீட்டருக்குச் சேவை தர ஓர் உள்ளூர்க்காரர். அவருக்குக் கீழே கிராமத்துக்கு ஒருவர், சுமார் 50,000 ரூபாய் முதலீட்டில் கம்ப்யூட்டரும் இணைப்பும் வைத்து ஒரு கடை. 2001 முதல் நம் மதுரைப் பக்கம் மேலூர் தாலுக்காவில், எம்.ஐ.டி., ஹார்வர்டு பல்கலைக்கழகம் ஆகியவற்றோடு சேர்ந்து இதை நடத்தினார்கள். வருமானச் சான்று, ஜாதிச் சான்று விண்ணப்பங்கள் தாலுக்கா ஆபீசுக்குக் கடையிலிருந்தே போயின. வெப்காமில் எடுத்த கண் படம் அரவிந்த் கண் மருத்துவமனைக்குப் போய், ஆபரேஷன் வேண்டுமா வேண்டாமா என்று பதில் வந்தது. மாட்டுக்கு நோய் என்றால் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்துக்குக் கேள்வி போனது.

ஆனாலும் பல கடைகள் நிலைக்கவில்லை. ஆர்வமாக இருந்த அதிகாரி மாற்றலாகிப் போனால் சான்றிதழ் வேலை படுத்துவிடும். கடைக்காரரின் வருமானமும் அதோடு போகும். இதைவிடப் பெரிய தடை ஒன்று இருந்தது. கிராமத்தான் காசு கொடுத்து வாங்கத் தயாராக இருந்த ஒரே சரக்கு பேச்சு. 2002 ஏப்ரலில் இன்டர்நெட் டெலிபோன் அனுமதிக்கப்பட்டபோது, கம்ப்யூட்டரிலிருந்து அமெரிக்காவில் உள்ள டெலிபோனுக்குப் பேசலாம், பக்கத்து ஊர் டெலிபோனுக்குப் பேசக் கூடாது என்று விதி வைத்தார்கள். மேலூர்க்காரர் நியூயார்க்கில் யாரைக் கூப்பிடப் போகிறார்? நூற்றுக்கு ஒரு டெலிபோன்கூட இல்லாத கிராமப் பகுதிகளில் சிறு சேவைக்காரர்களுக்குத் தனி லைசென்ஸ் தரலாம் என்று 2005 ஜனவரியில் டிராய் ஆணையமே சிபாரிசு செய்தது. அது காகிதத்தோடு நின்றது. கருவி இருந்தது, ஆள் இருந்தார், வாடிக்கையாளரும் இருந்தார், அனுமதிதான் இல்லை. கோர்டெக்டின் கதையில் என்னை உண்மையாகவே உறுத்துவது இந்த இடம்தான். சி.டி.எம்.ஏ.விடம் தோற்றது போட்டி. இது போட்டியே இல்லை.

அப்படியானால் அவர் தோற்றாரா? என்னோடு வேலை செய்யும் சிலர் அப்படித்தான் சொல்கிறார்கள். 2005ல் இந்தியாவின் மொத்த டெலிபோன் எண்ணிக்கை 10 கோடியைத் தாண்டியது. எந்த எண்ணைச் சொன்னபோது நம்ப ஆளில்லையோ, அதே எண். ஆனால் அவற்றில் கோர்டெக்ட் ஒரு சின்னப் பங்குதான். மற்றதெல்லாம் பெரும்பாலும் இறக்குமதிக் கருவி. விலையை வெளிநாட்டுக்காரன் குறைக்க மாட்டான் என்று சொன்னாரே, குறைத்துவிட்டானே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. இந்தியாவும் சீனாவும் கோடிக்கணக்கில் வாங்கத் தொடங்கிய பிறகு அவனுக்கும் விலையைக் குறைக்க வேண்டிய அவசியம் வந்துவிட்டது. வாங்கும் கூட்டம் மாறினால் ஆராய்ச்சியின் திசை மாறும் என்பது அவருடைய வாதத்திலேயே அடங்கியிருந்தது. அது இவ்வளவு சீக்கிரம், நம் கம்பெனிகள் வளர்வதற்கு முன்பே நடக்கும் என்பதுதான் கணக்கில் இல்லை. மாசம் இருநூறு, முந்நூறு ரூபாய்க்குள் கொண்டுவந்தால் நாடே வாங்கும் என்ற அடிப்படைக் கணக்கோ அப்படியே பலித்தது. மொபைல் இணைப்புகள் 2015 முடிவதற்குள் 100 கோடியைத் தொட்டன.

அந்தக் குழுவினர் என்ன ஆனார்கள் என்று கேட்பீர்கள். பாஸ்கர் ராமமூர்த்தி 2011 முதல் 2022 வரை சென்னை ஐ.ஐ.டி.யின் இயக்குநராக இருந்தார். கொன்சால்வஸ் இமாசலத்தில் மண்டி ஐ.ஐ.டி.யின் முதல் இயக்குநரானார். தரமணியில் 2010ல் திறந்த ஐ.ஐ.டி. ரிசர்ச் பார்க், பேராசிரியரும் மாணவரும் கம்பெனியும் ஒரே கூரையின் கீழ் வேலை செய்ய வேண்டும் என்ற ஜுன்ஜுன்வாலாவின் நெடுநாள் எண்ணத்தில் எழுந்தது. 5ஜி தரநிலை வகுக்கப்பட்டபோது, டவருக்கும் டவருக்கும் 6 கிலோமீட்டர் இருக்கும் நம் கிராமங்களிலும் சேவை ஒழுங்காகக் கிடைக்க வேண்டும் என்ற நிபந்தனையை உலகத் தொலைத்தொடர்பு ஒன்றியம் சேர்த்துக்கொள்ள இந்தியத் தரப்பு வாதாடி வெற்றி பெற்றது. சென்னை, ஹைதராபாத் ஐ.ஐ.டி.க்காரர்கள் அதில் முன்னே நின்றார்கள். அதற்காக உருவாக்கிய 5ஜிஐ என்ற தனித் தரநிலையை, உலகச் சந்தையோடு ஒட்டாவிட்டால் கருவி விலை ஏறிவிடும் என்று நம் மொபைல் கம்பெனிகள் எதிர்த்தன. கடைசியில் 2021 டிசம்பரில் அது உலகப் பொதுத் தரநிலைக்குள்ளேயே கலந்தது. அந்த 10 கிலோமீட்டர் ஆன்டெனாவின் பேரப்பிள்ளை என்று அதைச் சொல்லலாம்.

பேராசிரியர் பிறகு டெலிபோனை விட்டு மின்சாரத்துக்குப் போய்விட்டார். சூரியத் தகட்டிலிருந்து வரும் டி.சி. மின்சாரத்தை ஏ.சி.யாக்கி, மறுபடி டி.சி.யாக்கி ஏன் வீணாக்க வேண்டும் என்று கேட்டு, ராஜஸ்தான் பாலைவனக் கிராமங்களில் ஆயிரக்கணக்கான வீடுகளில் நேரடியாக டி.சி.யிலேயே விளக்கும் விசிறியும் ஓட வைத்தார்கள். 2017ல் மத்திய அமைச்சகத்தில் ஆலோசகராக இருந்தபோது மின்சார வண்டிக்கு அவர் சொன்ன யோசனை, வண்டியை விற்கும்போது பேட்டரியைத் தனியே பிரித்துவிட்டு, பேட்டரியை வாடகைக்கு மாற்றிக் கொடுப்பது. ஆட்டோக்காரர் தலையில் மொத்த விலையும் ஒரே நாளில் விழக் கூடாது என்பது அதன் சாரம். வண்டியின் விலை என்ன, அதில் பேட்டரி எவ்வளவு, ஆட்டோக்காரர் ஒரு நாளைக்கு எவ்வளவு கொடுக்க முடியும் என்றுதான் அந்தக் கணக்கும் தொடங்குகிறது.